வெல்டர் என்றே போடு

விழுப்புரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப்படி உண்டு. கீழே செல்போன் ரிப்பேர் கடை. மேலே வெளிநாட்டு விசாவுக்கு ஆலோசனை சொல்லும் ஆபீஸ். படி ஏற ஏறச் சுவரில் நாட்டுக் கொடிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். திருப்பத்தில் கனடா, அதற்கு மேலே ஜெர்மனி, செருப்பு விடும் இடத்துக்கு நேராக ஆஸ்திரேலியா. ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுவதைப் போல நாடுகளை எடுத்துப் போடுவார்கள் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் ஏறினேன்.

எனக்கு வயது முப்பத்து நாலு. ஆறு வருஷம் கல்ஃபில் வேலை பார்த்துவிட்டுத் திண்டிவனத்துக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேறு நாட்டுக்குப் போக வேண்டும், இந்த முறை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எந்த நாடு என்பதுதான் பாக்கி.

கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் என் ஃபைலைப் புரட்டினான். கம்பெனி கொடுத்த சர்வீஸ் லெட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்வைசரா! செம சார். கனடாவுக்கு கண்ண மூடிக்கினு போட்டுறலாம்."

நான் ஒரு நாள்கூட சூப்பர்வைசராக இருந்ததில்லை. நான் வெல்டர்.

வெல்டர் என்றால் நம் பக்கத்தில் கிரில் கேட் ஒட்டுகிறவர் என்றுதான் நினைப்பார்கள். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. என் வேலை வேறு. நான் எண்ணெயும் வாயுவும் போகிற குழாய்களை ஒட்டுகிறவன். குழாய் அசையாது. நாம்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்து, படுத்து, சில இடத்தில் கைக் கண்ணாடியை வைத்து அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பின்பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் மனுஷனுக்கு எடுப்பதைப் போல அதற்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவுக்குக் காற்றுப் புள்ளி இருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியவனின் நம்பரை ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே பெயிண்ட் மார்க்கரால் எழுத வேண்டும். தப்பு யாருடையது என்று மறைக்க முடியாது. என் நம்பர் W-61. ஒரு முறை எட்டு மாதம் தொடர்ந்து என் நம்பரில் ஒரு ரிப்பேர்கூட வரவில்லை. அந்த சைட்டில் அப்போது அப்படி யாருக்கும் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அதையும் சொல்கிறேன்.

கம்பெனி எங்களைத் தங்கவைத்திருந்த கேம்பில் 'கல்யாண லெட்டர்' என்று ஒன்று உண்டு. பெண் பார்க்க லீவில் ஊருக்குப் போகிறவன் ஆபீஸ் கிளார்க்கிடம் போய், தன்னை சூப்பர்வைசர் என்று போட்டு ஒரு லெட்டர் வாங்கிக்கொள்வான். பிளம்பர் போனாலும் சூப்பர்வைசர். சாரம் கட்டுகிறவன் போனாலும் சூப்பர்வைசர். கிளார்க் பண்ருட்டிக்காரர். நான் போய் நின்றபோது தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தினி பேருக்குத்தான்டா சூப்பர்வைசர் அடிக்கிறது? இந்த கேம்ப்புல வேல செய்யறவனே எவனும் இல்ல போல."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. என் அப்பா திண்டிவனத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். எங்களுக்கு நிலம் ஒரு சென்ட் கிடையாது. பெண் வீடு வளவனூர், சொந்த நிலம், கரும்பும் நெல்லும். தரகர் என் அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டார். "வெல்டருன்னு சொன்னா பட்டறைலயான்னு கேப்பாங்கம்மா. சூப்பர்வைசர்னு சொல்லச் சொல்லு உம் புள்ளைய."

அப்படியே சொன்னோம். கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குக் கீழே 'சூப்பர்வைசர், துபாய்' என்று அச்சாகி வந்தது. நான் இருந்த பாலைவனத்திலிருந்து துபாய்க்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம். அதையும் நான் திருத்தவில்லை.

பொய்யைக் காப்பாற்றுவது பைப் ஒட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. சம்பளச் சீட்டில் வெல்டர் என்று அச்சடித்திருக்கும். ஒவ்வொரு லீவுக்கும் முன்னால் எல்லாவற்றையும் கிழித்து கேம்ப் குப்பைத் தொட்டியில் போட்டேன். சலவைச் சட்டையோடு கம்பெனிக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினேன். கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள் இருக்கும் என்பதால், சித்திரை வெயிலிலும் மாமனார் வீட்டில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெந்தேன்.

வேலையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கிளார்க், "இப்பவாவது நெசத்த போடட்டுமா?" என்று கேட்டார். "மாத்தினா பழைய லெட்டரு பொய்யாயிடும்ணே. அதையே போடுங்க" என்றேன். ஆறு வருஷ வேலையை என் வாயாலேயே அழித்துவிட்டு வந்தேன்.

அந்த லெட்டரைத்தான் டை கட்டிய பையன் கையில் வைத்திருந்தான்.

"கல்ஃபுக்கே திரும்பப் போலாம் சார், ஆனா ஃபேமிலி கூட்டிக்கினு போறது கஷ்டம். ஜெர்மனின்னா மொதல்ல பாஷ படிக்கணும். அதுக்கே ரெண்டு வருஷம் போயிடும். கனடான்னா பேப்பர் பேசும். சூப்பர்வைசர் லெட்டர் இருக்கு, மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"ஆஸ்திரேலியா?"

அவன் சிரித்தான். "அங்க வெல்டர்தான் லிஸ்ட்ல கீது சார். நேர்ல நிக்க வெச்சி ஒட்டிக் காட்டுன்னுவான். நெறைய பேரு அங்கியே பெயிலு. உங்களுக்கு எதுக்கு அந்த பேஜாரு? வெல்டர்லாம் லோ ப்ரொஃபைல் சார். நீங்க மேனேஜ்மென்ட் சைடு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒட்டிக் காட்டச் சொன்னால் நான் பெயிலாவேனா? இரும்பை ஒரு நாளும் தொடாத விரலால் என் பேப்பரைத் தட்டிக்கொண்டு இவன் என் தொழிலைத் தாழ்த்துகிறான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

"யோவ், நான் வெல்டர்யா" என்றேன். "பைப் வெல்டர்."

அவன் லெட்டரைப் பார்த்தான். "அப்ப இது?"

"அது கல்யாணத்துக்கு சொன்ன பொய்யி."

கொஞ்சம் முழித்துவிட்டுச் சமாளித்துக்கொண்டான். "அதனால இன்னா சார்? கனடாவுக்கும் ஆவும்."

ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். கனடா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல வெல்டர்கள் அங்கே போய் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நான் வெல்டர் என்று விண்ணப்பித்தால் என் படிப்புக்கும் இங்கிலீஷுக்கும் விசா மார்க் எட்டாது. சூப்பர்வைசர் என்று போட்டால் எட்டும். அப்படிப் போனால் அங்கேயும் முழுக்கைச் சட்டைதான். கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்யைச் சாகிற வரைக்கும் இன்னொரு நாட்டில் சுமக்க வேண்டும். பிடிபட்டால் மனைவி மகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவான். கல்ஃபுக்குப் போனால் அவள் இங்கே, நான் அங்கே. மகள் என்னைப் போனில் மட்டும் பார்த்து வளர்வாள். ஜெர்மனியை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ரெண்டு வருஷம் வேலைக்கும் போய்க்கொண்டு புதுப் பாஷையைப் படிக்கிற பொறுமை எனக்கு இல்லை. என்னை எனக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியா என் கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. அந்தப் பையன் பயமுறுத்துவதற்காகச் சொன்ன விஷயமே எனக்குப் பிடித்துவிட்டது. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு முள் இருந்தது. அங்கே போவதென்றால் வெல்டராகத்தான் போக முடியும். விண்ணப்பத்தில் அந்த வார்த்தை இருக்கும். அதே விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது அவள் மகளோடு உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணு சொல்லணும். நான் அங்க சூப்பர்வைசர் இல்ல."

அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"எப்பலருந்து?"

"கல்யாணம் ஆன மூணாவது நாளுலருந்து. சூப்பர்வைசருக்கு கழுத்துல மட்டும் ஏங்க தோலு உரியுது? எங்க பெரியப்பா புள்ள வெல்டிங் பட்டறைல கீறான். அவனுக்கும் இப்டியேதான் உரியும்."

எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். என் வெல்டர் கார்டு. தொப்பியோடு என் போட்டோ, W-61, டெஸ்ட் பாஸ் பண்ணிய விவரம், ஃபோர்மேன் கையெழுத்து. அது தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கம்பெனியில் வேறு வாங்கியிருந்தேன். வேலையை விட்டபோது அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ரெண்டாவது லீவுல பேண்ட்டு தொவைக்கும்போது கெடச்சிது. முக்கியமானதா இருக்கும்னு எடுத்து வெச்சேன்."

"ஏன் என்னிய கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன். அஞ்சு வருஷமா பாத்துகினு கீறேன்."

"கோவமா?"

"கோவம் இல்லாம? ஆனா வெயில்ல முழுக்கை சட்டய போட்டுகினு நீங்க பட்ட அவஸ்தைய பாத்து சிரிப்புதான் ஜாஸ்தி வந்துது." மல்லாட்டைத் தோலை முறத்தில் ஒதுக்கினாள். "எங்கப்பாகிட்ட நீங்கதான் போயி சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். பத்திரிக எடுத்துகினு ஊடு ஊடா போனது அவுரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளவனூர் போனோம். மாமனார் களத்தில் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சேற்று உழவுக்குப் போடும் இரும்புக் கேஜ் வீலில் ரெண்டு கம்பி ஒட்டு விட்டுப்போயிருந்தது. நாற்று தயார், உழவு நிற்கிறது, பட்டறைக்காரர் ரெண்டு நாளாக வருகிறேன் வருகிறேன் என்கிறார். அந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, நான் அங்க சூப்பர்வைசர் இல்ல. வெல்டர்."

என்னைப் பார்த்தார். கேஜ் வீலைப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த இரும்புக் கேட்டைப் பார்த்தார்.

"வெல்டரு?"

"ஆமா மாமா."

"ஒரு வருஷமா அந்த கேட்டுக்காக பட்டறக்காரன் பின்னாடி அலைஞ்சிகினு கீறேன். நீ ஊட்லயே உக்காந்து கறிசோறு துன்னுகினு அது சாயறத வேடிக்க பாத்தியா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்பதைத் தவிர வேறு பேசாத மனுஷன். அன்றைக்குத்தான் முதல் முறையாக 'நீ' வந்தது. எனக்கு அது வேண்டும்தான்.

"ஊரு ஃபுல்லா பத்திரிக குடுத்தனே. எந்தம்பிகாரன் மூஞ்சில எப்டி முழிக்கிறது? எம்மருமவன் பொய்யன்னு சொல்லட்டுமா?" துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியார் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அது கத்தி முடிச்சா அடங்கிரும். நீங்க ஆவ வேண்டியத பாருங்க."

ஆக வேண்டியது கண் முன்னால் கிடந்தது. வளவனூர் பட்டறைக்கே போனேன். மெஷினும் ராடும் கேட்டேன். "நீ யாருய்யா எம்மெஷினு கேக்கறதுக்கு?" என்று பட்டறைக்காரர் முறைத்தார். அங்கே கிடந்த உடைந்த தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

களத்தில் கம்பியைச் சுத்தம் பண்ணி, முகமூடியை இறக்கினேன். வெல்டிங் பண்ணும்போது முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும். அந்த வீட்டில் நான் முழுக்கைச் சட்டையைச் சரியான காரணத்துக்காகப் போட்டிருந்தது அன்றைக்குத்தான். கேஜ் வீலை முடித்துவிட்டுக் கேட்டைக் கழற்றி, கீலை வெட்டி எடுத்து, நேராக வைத்து ஒட்டினேன். நிமிர்ந்தபோது மாமனார் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையிலிருந்த சம்மட்டியால் ஒட்டிய இடத்தில் ஓங்கி ரெண்டு அடி அடித்தார்.

"ஒடையாதா?"

"டிராக்டரு ஒடையும். இது ஒடையாது."

"எம்மவ எதோ ஆஸ்திரேலியான்னா. அந்த நாட்டுக்காரன் இந்த வேலைக்குத்தான் கூப்புடறானா?"

"ஆமா. டெஸ்ட்டு வெச்சி எடுக்கறான்."

"பொய் கிய் ஒண்ணும் சொல்லாம?"

"சொல்லாம."

கேட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லாமல் போய் நின்றது. "அப்ப போ" என்றார்.

பேப்பர்களைச் சரி பண்ணுவது அதற்கு மேல் ஆறு மாத வேலை. பண்ருட்டிக் கிளார்க்குக்குப் போன் போட்டு, கம்பெனி ரெக்கார்டில் இருக்கிறபடி நிஜத்தை எழுதித் தரச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெல்டர்னு லெட்டர் கேட்ட மொத ஆளு நீதான்டா." ஃபோர்மேன் பிலிப்பைன்ஸ்காரர். அவர் W-61 ஒட்டிய ஜாயின்ட்களின் லிஸ்டையும் எக்ஸ்ரே முடிவுகளையும் கம்பெனியில் அனுமதி வாங்கி அனுப்பினார். பழைய லெட்டரை நான் ஒளித்து வைக்கவில்லை. அது ஏன் பொய், எதற்காக வாங்கினேன் என்று ஒரு பக்கம் எழுதி அதையும் சேர்த்தே அனுப்பினேன். எல்லாரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். இருக்கட்டும்.

வீடியோவில் கேள்வி கேட்ட ஆஸ்திரேலியப் பெண்மணி அதைத்தான் முதலில் எடுத்தார். எனக்குத் தெரிந்த சைட் இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் வெல்டருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அதனால் பொய் சொன்னேன் என்றேன். அவர், இப்போது உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தவளே அவள்தான் என்றேன். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் வேலையைப் பற்றித்தான் கேள்வி. எதற்கும் நான் திணறவில்லை.

டெஸ்ட் சென்னையில். நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து இறுக்கிய குழாய். முகமூடிக் கண்ணாடி வழியே உருகிய இரும்பு சின்ன வட்டமாக என் கைக்கு அடங்கி நகர்ந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இதையா மறைத்தோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். தேர்வாளர் டார்ச் அடித்துக் குழாய்க்குள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மற்றவர்களையும் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். ரிசல்ட் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

இங்கிலீஷ் பரீட்சையில் எழுதும் பகுதியில் ஒரு முறை தோற்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டாவது முறை ஜெயித்தேன். மூன்று பேருக்கும் விசா வந்தது.

கிளம்புவதற்கு முன்னால் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம், திருவாமாத்தூர் கோயிலில். பத்திரிகை அடிக்க நானும் மாமனாரும் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் என் பேரை அடித்துவிட்டு, "கீழ இன்னா சார் போடட்டும்?" என்றார்.

"வெல்டர், ஆஸ்திரேலியா."

அவர் விரல் நின்றது. "வெல்டிங் இன்ஜினியர்னு போட்டுரலாமா சார்? எல்லாரும் அப்டித்தான் போடறாங்க. பாக்க நல்லா இருக்கும்."

நான் எகிறுவதற்கு முன்னால் மாமனார் எகிறிவிட்டார். "இன்னா நல்லா இருக்கும்? ஒருவாட்டி நல்லா இருக்கும்னு போட்டு நான் பட்டது போதும். வெல்டர்னே போடு. எழுத்த பெருசா போடு."

பெரிதாகத்தான் போட்டார்கள், என் பேரைவிடப் பெரிதாக. மாமனார் அதை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனார். அவருடைய தம்பி வீட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். சின்ன மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இன்னாண்ணா, வெல்டருன்னு போட்டுகீது? சூப்பர்வைசர்னு சொன்ன?"

"அது பொய்" என்றார் மாமனார், வெற்றிலையை மென்றுகொண்டே. "இது நெசம். எக்ஸ்ரே எடுத்துப் பாக்கற வெல்டரு. எங்கூட்டு கேட்ட வந்து தள்ளிப் பாரு, தெரியும்."

சின்ன மாமனார் பத்திரிகையை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, எப்ப கெளம்பறீங்க? எங்கூட்லயும் ஒரு கேட்டு கீது."

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் முந்தின நாள் அதையும் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். முடித்ததும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட்டால் W-61 என்று எழுதினேன்.